வெள்ளிக் கோட்டில் ஒரு பிளவு

1922 பிப்ரவரி 8ஆம் தேதியிட்ட ஓர் அஞ்சலட்டை ஃபிராங்க்ஃபுர்ட்டிலிருந்து கோபன்ஹேகனுக்குப் போனது. எழுதியவர் வால்டர் கெர்லாக். பெற்றவர் நீல்ஸ் போர். அட்டையில் இரண்டு சின்னப் படங்கள் இருந்தன. இடதுபக்கப் படத்தில் மெல்லிய ஒற்றைக் கோடு. வலதுபக்கப் படத்தில் அதே கோடு நடுவில் விலகி, பேச வாயெடுக்கும் உதடுகளைப் போல இரண்டாகப் பிரிந்து, இரு முனைகளிலும் மறுபடி சேர்ந்திருந்தது. முதல் படம் காந்தம் இல்லாமல் எடுத்தது, இரண்டாவது காந்தத்தோடு. உங்கள் கோட்பாடு உறுதியாகிவிட்டது, வாழ்த்துகள் என்று கெர்லாக் எழுதியிருந்தார்.

படத்தில் பிழையில்லை. அளவீட்டிலும் பிழையில்லை. உறுதியாகிவிட்டதாக அவர் சொன்ன கோட்பாடுதான் தவறு. அந்தக் கோட்டைப் பிளந்தது எலெக்ட்ரானின் ஸ்பின் என்கிற தற்சுழற்சிப் பண்பு. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்ல அன்றைக்கு உலகத்தில் ஆள் கிடையாது. இன்னும் மூன்றரை ஆண்டு கழித்து அதைச் சொன்னவர்களும் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. பாடநூல்கள் இந்தக் கதையை நேர்மாறாகச் சொல்கின்றன. ஸ்பினைக் கண்டுபிடிக்கவே கெர்லாக்கும் அவரோடு சேர்ந்து உழைத்த ஓட்டோ ஸ்டெர்னும் சோதனை செய்தார்கள் என்று படித்துத் தேர்வெழுதித் தேறியவர்கள் நம்மில் ஏராளம். நடந்தது அதைவிடக் கோணலானது, எனக்கு அதைவிடப் பிடித்தமானதும்கூட.

போரின் 1913ஆம் ஆண்டு அணு மாதிரியில் எலெக்ட்ரான் அணுக்கருவைச் சுற்றி வருகிறது. மின்னூட்டமுள்ள ஒன்று வட்டமாகச் சுற்றினால் அது ஒரு குட்டிக் காந்தம். அந்தக் காந்தம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கும்? பழைய இயற்பியலைக் கேட்டால், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் என்று சொல்லும். 1916இல் அர்னால்டு சொமர்ஃபெல்டு அதற்கு ஒரு கட்டுப்பாடு போட்டார்: வெளியே ஒரு காந்தப்புலத்தை வைத்தால் அணு ஒருசில குறிப்பிட்ட கோணங்களில்தான் சாய்ந்து நிற்கலாம், இடைப்பட்ட கோணங்கள் கிடையாது. மின்விசிறியின் பழைய ரெகுலேட்டரைத் திருகினால் ஒவ்வோர் எண்ணிலும் ‘டக்’கென்று உட்காருமே, இரண்டரையில் நிற்காதே, அந்த மாதிரி. நிறமாலைக் கோடுகள் காந்தப்புலத்தில் ஏன் பல கோடுகளாகப் பிரிகின்றன என்பதற்கு இந்தக் கணக்கு ஓரளவு விடை தந்தது. ஆனால் அணு உண்மையிலேயே அப்படி நிற்கிறது என்று நம்பியவர்கள் குறைவு. பீட்டர் டிபை கெர்லாக்கிடம், இதைப் போய் நிஜம் என்று நம்புகிறீர்களா, இது வெறும் கணக்கு விதி, எலெக்ட்ரான்களுக்கான ரயில் கால அட்டவணை என்று சொன்னதாக கெர்லாக் பின்னாளில் நினைவுகூர்ந்தார். மாக்ஸ் போர்னுக்கும் இதில் பெரிய நம்பிக்கை இல்லை.

ஓட்டோ ஸ்டெர்னுக்கோ போரின் அணு மாதிரியே பிடிக்காது. சூரிச்சில் இருந்தபோது அவரும் மாக்ஸ் ஃபோன் லாவேயும் ஊட்லிபெர்க் குன்றுக்கு நடக்கப் போய், போர் சொல்லும் இந்த அபத்தம் சரியென்று ஆகிவிட்டால் இயற்பியலையே விட்டுவிடுகிறோம் என்று சபதம் போட்டார்களாம். இருவரும் சபதத்தைக் காப்பாற்றவில்லை. இருவருக்கும் பின்னர் நோபல் பரிசே கிடைத்தது.

ஸ்டெர்ன் பயிற்சியால் கோட்பாட்டாளர். ஐன்ஸ்டைனோடு பிராகிலும் சூரிச்சிலும் இருந்தவர். முதல் உலகப் போர் முடிந்து ஃபிராங்க்ஃபுர்ட்டில் போர்னின் துறைக்கு வந்தபிறகு அவருக்குக் கருவிகளின் மேல் ஆசை வந்துவிட்டது. வெற்றிடத்தில் ஒரு பொருளைச் சூடாக்கி ஆவியாக்கி, சிறு துளை வழியே விட்டால், அணுக்கள் ஒன்றோடொன்று மோதாமல் நேர்கோட்டில் பறக்கும். இதுதான் அணுக்கற்றை. 1920இல் வெள்ளி அணுக்களை இப்படிப் பறக்கவிட்டு அவற்றின் வேகத்தை அளந்தார். மாக்ஸ்வெல் ஆறு பத்தாண்டுகளுக்கு முன் காகிதத்தில் போட்ட கணக்கு ஆய்வகத்தில் நேரடியாகச் சரிபார்க்கப்பட்டது. அடுத்து, அந்தக் கற்றைக்கு முன்னால் சொமர்ஃபெல்டின் கணக்கைக் கொண்டுவந்து நிறுத்தலாமே என்ற யோசனை. ஒரு குளிர்காலக் காலையில், எழுந்திருக்க மனமில்லாமல் போர்வைக்குள் கிடந்தபோது தோன்றியது இது என்று ஸ்டெர்னே பின்னர் சொல்லியிருக்கிறார். 1921இல் அவர் வெளியிட்ட கட்டுரை சோதனையின் முடிவைச் சொல்லவில்லை. சோதனையை எப்படிச் செய்யலாம் என்பதை மட்டும் கணக்கோடு சொன்னது.

அந்தக் கணக்கின் மையக்கருத்து எளிது. எல்லா இடத்திலும் ஒரே வலிமையுள்ள காந்தப்புலத்தில் ஒரு திசைகாட்டி முள்ளை வைத்தால் அது திரும்பும், ஆனால் நகராது. வடமுனையை ஒருபக்கம் இழுக்கும் விசையும் தென்முனையை மறுபக்கம் இழுக்கும் விசையும் சரிசமம். புலம் ஓரிடத்தில் வலுவாகவும் பக்கத்திலேயே வலுக்குறைந்தும் இருந்தால் இந்தச் சமநிலை கெடும். வலுவான பக்கம் இருக்கும் முனையின் இழுப்பு ஜெயிக்க, முள் முழுவதுமாக நகரும். எவ்வளவு நகரும், எந்தப் பக்கம் என்பது முள் எந்தக் கோணத்தில் சாய்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆக, அணுவின் சாய்வு நேராகப் பார்க்கக்கூடியதல்ல என்றாலும், அது எங்கே போய் விழுகிறது என்பதிலிருந்து சாய்வைக் கண்டுகொள்ளலாம்.

இப்போது இரண்டு வாய்ப்புகள். அணுக்காந்தங்கள் எல்லாத் திசையிலும் கலைந்து நிற்கின்றன என்றால், சில மேலே போகும், சில கீழே போகும், பெரும்பாலானவை நடுவில் விழும். கண்ணாடித் தகட்டில் ஓர் அகன்ற தீற்றல் கிடைக்கும், நடுப்பகுதியில் அடர்ந்து. சொமர்ஃபெல்டும் போரும் சரியென்றால், தனித்தனிக் கோடுகள். போரின் கணக்கில் வெள்ளி அணுவின் வெளி எலெக்ட்ரானுக்கு, சுழற்சியின் அளவைச் சொல்லும் கோண உந்தம் ஒரு அலகு. அதற்கு மூன்று நிலைகள்: புலத்தின் திசையில், எதிர்த்திசையில், குறுக்கே. குறுக்கே நிற்கும் நிலை நிலையற்றது என்று வாதிட்டு அதைத் தள்ளிவிட்டார் போர். மிஞ்சியது இரண்டு கோடு, நடுவில் காலி.

எலெக்ட்ரானைச் சோதிக்க எலெக்ட்ரானையே பறக்கவிடாமல் எதற்கு ஒரு முழு வெள்ளி அணு? எலெக்ட்ரானுக்கு மின்னூட்டம் உண்டு. காந்தப்புலத்துக்குள் நுழைந்ததுமே அந்த மின்னூட்டத்தின் மேல் விழும் விசை அதை வளைத்துக்கொண்டு போய்விடும். அந்த வளைவின் சிதறலில், குட்டிக் காந்தத்தால் வரும் நுண்ணிய விலகல் காணாமல் போகும். வெள்ளி அணு மொத்தத்தில் மின்னூட்டமற்றது. அதன் 47 எலெக்ட்ரான்களில் 46 ஒன்றின் காந்த விளைவை மற்றொன்று ரத்து செய்துகொள்கின்றன. தனியாக நிற்கும் 47ஆவது எலெக்ட்ரானைச் சுமந்து செல்லும் கனமான வண்டிதான் மீதி அணு.

யோசனை ஸ்டெர்னுடையது, கைவண்ணம் பெரும்பாலும் கெர்லாக்குடையது. அதே கட்டடத்தில் சோதனை இயற்பியல் துறையில் இருந்தவர் கெர்லாக். அவர்கள் கட்டிய கருவியின் முக்கியப் பகுதி அளவில் ஒரு பேனாவைவிடப் பெரிதில்லை. ஒரு முனையில் மின்சாரத்தால் சூடாகும் சிறு அடுப்பு, ஏறக்குறைய 1000 டிகிரி செல்சியஸ். உள்ளே உருகி ஆவியாகும் வெள்ளி. அடுப்பின் துளையை விட்டு வெளியேறும் அணுக்கள் அடுத்தடுத்த இரண்டு தடுப்புகளின் இடைவெளி வழியே வடிகட்டப்பட்டு மெல்லிய கற்றையாகும். இடைவெளியின் அகலம் 0.03 மில்லிமீட்டர், தலைமுடியைவிடக் குறைவு. பிறகு காந்தம்: நீளம் வெறும் 3.5 சென்டிமீட்டர், ஒரு துருவம் கத்திமுனை போலக் கூராக, எதிர்த்துருவம் பள்ளமாக. கூர்முனைக்குப் பக்கத்தில் புலம் திடீரென்று வலுப்பது இந்த வடிவத்தால்தான். கற்றை அந்தக் கூர்முனையை உரசாமல், ஆனால் உரசும் தூரத்தில் போகவேண்டும். காந்தத்தைத் தாண்டியதும் ஒரு கண்ணாடித் தகடு. வெள்ளி அணு அதில் மோதி ஒட்டிக்கொள்ளும்.

எதிர்பார்த்த பிளவு 0.2 மில்லிமீட்டர். தடுப்புகளில் ஒன்று நூலிழை அளவு நகர்ந்தாலும் கற்றை தகட்டுக்கு வந்து சேராது. அடுப்பு 1000 டிகிரியில் கொதிக்க, சில சென்டிமீட்டர் தள்ளி மற்ற பாகங்கள் குளிர்ந்தே இருக்கவேண்டும். இத்தனையும் காற்றில்லாத கண்ணாடிக் குழாய்க்குள். வெற்றிடத்தை உண்டாக்கியவை கண்ணாடியாலான பாதரசப் பம்புகள். அவை அடிக்கடி உடையும். உடைந்தால் அன்றைய ஓட்டம் பாழ். கற்றை அவ்வளவு மெலிதானது என்பதால் கண்ணுக்குத் தெரியும் படிவு சேர ஒரே ஓட்டத்துக்குப் பல மணி நேரம் பிடிக்கும். இரவெல்லாம் பம்பையும் அடுப்பையும் காவல் காத்தது பெரும்பாலும் கெர்லாக்.

பணமும் இல்லை. ஜெர்மனியில் மார்க்கின் மதிப்பு வாரத்துக்கு வாரம் சரிந்துகொண்டிருந்த காலம். ஐன்ஸ்டைனின் சார்பியல் பற்றிக் கேட்க ஊரே ஆவலாக இருந்ததால், போர்ன் அதைப் பற்றிப் பொதுச் சொற்பொழிவுகள் நடத்தி, நுழைவுக் கட்டணம் வாங்கி, அதைச் சோதனைக்குக் கொடுத்தார். அதுவும் கரைந்ததும் நியூயார்க்கில் இருந்த வங்கியாளர் ஹென்றி கோல்ட்மேனுக்குக் கடிதம் எழுதினார். கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனத்தை ஆரம்பித்தவரின் மகன் அவர். டாலரில் வந்த காசோலை சோதனையைக் காப்பாற்றியது.

பிறகு அந்தச் சுருட்டுக் கதை. ஓர் ஓட்டம் முடிந்து கெர்லாக் தகட்டை வெளியே எடுத்துப் பார்க்கிறார், ஒன்றுமே இல்லை. ஸ்டெர்னிடம் கொடுக்கிறார். ஸ்டெர்ன் தகட்டை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பார்க்க, கருப்பாக ஒரு கோடு மெல்ல எழுந்து வருகிறது. குறைந்த சம்பளத்தில் அவர் பிடித்த மலிவான சுருட்டில் கந்தகம் அதிகம். மூச்சில் வந்த கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து கருப்பு வெள்ளி சல்ஃபைடு ஆகிவிட்டது. இது ஸ்டெர்ன் தன் வாயால் வேதியியலாளர் டட்லி ஹெர்ஷ்பாக்குக்குச் சொன்னது. ஹெர்ஷ்பாக்கும் அவரோடு ஆய்வுசெய்த பிரெட்ரிக்கும் 2000களின் தொடக்கத்தில் இதைச் செய்துபார்த்தார்கள். வெறும் மூச்சுக்காற்று போதவில்லை. சுருட்டுப் புகையைத் தகட்டின் மேல் நேராகவே விட்டபோதுதான் கோடு கறுத்தது. ஸ்டெர்ன் கையில் சுருட்டு இல்லாமல் இருந்த நேரம் அரிது என்பதால் கதையைப் பொய் என்று தள்ள வேண்டியதில்லை, கொஞ்சம் திருத்திக்கொண்டால் போதும். எப்படியும், பின்னைய ஓட்டங்களில் படத்தைத் துலக்க புகைப்படக்காரர்களின் முறையில் ரசாயனம் பயன்படுத்தினார்கள்.

1921 இறுதியில் ஸ்டெர்ன் ரோஸ்டாக் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். கெர்லாக் தனியாகத் தொடர்ந்தார். காந்தத்தைப் போட்டால் புள்ளி அகலமாவது நவம்பரில் தெரிந்தது. அகலமாவது இரு தரப்புக்கும் பொது, பிளந்தால்தான் தீர்ப்பு. 1922 பிப்ரவரி தொடக்கத்தில் இருவரும் கோட்டிங்கனில் சந்தித்து, விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். ஆனால் ஜெர்மனியில் அப்போது ரயில்வே வேலைநிறுத்தம். ஊர் திரும்ப முடியாமல் ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்த கெர்லாக், கருவியை மனத்துக்குள் மறுபடி பிரித்துப் பூட்டிப் பார்த்தார். இன்னொரு தடவை முயலலாம் என்று தோன்றிவிட்டது. துளைகளில் ஒன்றை வட்டத்துக்குப் பதில் நீண்ட பிளவாக்கி, வரிசையை இன்னும் துல்லியமாக்கி ஓட்டினார். பிப்ரவரி 7க்கும் 8க்கும் இடைப்பட்ட இரவில் கோடு பிளந்தது. ரோஸ்டாக்கில் இருந்த ஸ்டெர்னுக்குப் போன தந்தியின் சாரம்: போர் சொன்னதுதான் சரி.

பிளவு பெரிதாக இருந்த நடுப்பகுதியில் விழுந்தவைதான் கத்திமுனைக்கு மிக அருகில் போன அணுக்கள். இரு முனைகளில் புலம் மெலிந்ததால் அங்கே கோடுகள் மறுபடி சேர்ந்துவிட்டன. உதடு வடிவம் அதனால் வந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. பழைய இயற்பியல் மிக அதிகம் அணுக்கள் விழும் என்று சொன்ன இடம் அது. விலகலிலிருந்து கணக்கிட்ட அணுக்காந்தத்தின் வலிமை, போர் மேக்னட்டான் எனப்படும் அடிப்படை அலகில் ஒன்று, பத்து சதவீதப் பிழைக்குள். போரின் கோட்பாடு சொன்னதும் அதே ஒன்று.

பலரும் சிலையாகிப் போனார்கள். ஐன்ஸ்டைனும் பால் ஏரென்ஃபெஸ்டும் அதே ஆண்டு ஒரு கட்டுரை எழுதினார்கள். அடுப்பிலிருந்து வரும் அணுக்கள் எல்லாத் திசையிலும் கலைந்துதான் கிளம்புகின்றன. காந்தத்துக்குள் அவை இருக்கும் நேரம் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. வழியில் ஒன்றோடொன்று மோதுவதும் இல்லை. அப்படியிருக்க, ஒவ்வோர் அணுவும் மேல் அல்லது கீழ் என்று எப்போது, எதைப் பிடித்துக்கொண்டு தன்னைத் திருப்பிக்கொண்டது? கதிர்வீச்சின் வழியாகத் திரும்பவேண்டுமென்றால் நூறாண்டுக்கும் மேல் பிடிக்கும் என்று அவர்கள் கணக்கு சொன்னது. அவர்கள் நினைத்துப் பார்த்த எந்த விளக்கமும் நிற்கவில்லை. அந்தக் காலத்தில் சோதனையைச் சரியாகப் படித்தவர்கள் இவர்கள் இருவர்தான் என்பேன். மற்றவர்கள் விடை கிடைத்ததாக மகிழ்ந்தபோது இவர்கள் கேள்வி எங்கே இருக்கிறது என்று காட்டினார்கள்.

போரின் ‘சரி’ எப்படித் தவறானது? பின்னால் வந்த குவாண்டம் இயக்கவியலின்படி, வெள்ளி அணுவின் வெளி எலெக்ட்ரானுக்குச் சுற்றுப்பாதைக் கோண உந்தம் பூஜ்யம். அந்த வகையில் அதற்குக் காந்தமே கிடையாது. அதை மட்டும் நம்பியிருந்தால் கோடு பிளந்தே இருக்காது. சுற்றுப்பாதைக் கோண உந்தம் ஒரு அலகு இருந்திருந்தாலும் மூன்று கோடு வந்திருக்கவேண்டும். நடுக்கோட்டைத் தள்ள போர் சொன்ன காரணம் புதிய கோட்பாட்டில் செல்லாது. வெள்ளியைப் பிளந்தது எலெக்ட்ரானின் சொந்தக் கோண உந்தம், அளவு அரை அலகு. அரைக்கு இரண்டே நிலைகள்: கூட்டல் அரை, கழித்தல் அரை. நடுவில் பூஜ்யத்துக்கு இடமில்லை. சரி, அரை அலகென்றால் காந்த வலிமையும் அரை மேக்னட்டான்தானே இருக்கவேண்டும்? அங்கேதான் இன்னொரு திருகல். ஸ்பினால் வரும் காந்தம், அதே அளவு சுற்றுப்பாதைக் கோண உந்தத்தால் வருவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வலிமையானது. அரையை இரண்டால் பெருக்கினால் ஒன்று. போர் வேறு வழியில் போய்ச் சேர்ந்த அதே ஒன்று. கோடுகளின் எண்ணிக்கையும் பொருந்தியது, விலகலின் அளவும் பொருந்தியது, இரண்டும் தற்செயல். ஒரு தவறான கோட்பாட்டுக்கு இயற்கை இவ்வளவு கரிசனம் காட்டிய சந்தர்ப்பம் இயற்பியல் வரலாற்றில் வேறு எனக்குத் தெரியவில்லை.

ஸ்பின் வந்தது நிறமாலைக் கோடுகளின் பக்கமிருந்து. காந்தப்புலத்தில் சில கோடுகள் கணக்குக்கு அடங்காமல் இரட்டைப்படை எண்ணிக்கையில் பிரிந்துகொண்டிருந்தன. 1925 தொடக்கத்தில், இருபது வயது ரால்ஃப் குரோனிக், எலெக்ட்ரான் தன்னைத்தானே சுற்றுகிறது என்று வைத்தால் தீர்ந்துவிடுமே என்று வொல்ஃப்காங் பவுலியிடம் சொன்னார். பவுலி அதை ஏற்கவில்லை. குரோனிக் வெளியிடாமல் விட்டுவிட்டார். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் லைடனில் ஏரென்ஃபெஸ்டின் மாணவர்கள் ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் அதே எண்ணத்தை எட்டி, சிறு குறிப்பாக எழுதி ஆசிரியரிடம் கொடுத்தார்கள். பிறகு ஊலன்பெக் மூத்த இயற்பியலாளர் லோரென்ட்ஸைக் கலந்துபேச, லோரென்ட்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்து, உங்கள் எலெக்ட்ரானின் விளிம்பு ஒளியைவிடப் பல மடங்கு வேகமாகச் சுற்றவேண்டியிருக்கிறதே என்றார். மாணவர்கள் பதறிப்போய்க் கட்டுரையைத் திரும்பக் கேட்டார்கள். ஏரென்ஃபெஸ்ட் ஏற்கனவே அனுப்பியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு, உங்கள் வயதுக்கு ஒரு அசட்டுத்தனம் செய்யலாம் என்று ஆறுதலும் சொன்னாராம். இந்த ஆசிரியரின் அவசரத்தால் இரண்டு இளைஞர்களின் பெயர் நிலைத்தது. பவுலியின் கண்டிப்பால் ஓர் இளைஞரின் பெயர் அடிக்குறிப்பானது.

ஃபிராங்க்ஃபுர்ட் பிளவை இதனோடு முடிச்சுப்போட இன்னும் சிறிது காலம் பிடித்தது. வெள்ளி அணுவின் அடிநிலையில் சுற்றுப்பாதைக் காந்தம் இல்லை, ஆகவே அந்தப் பிளவு ஸ்பினால் வந்தது என்று ரொனால்ட் ஃப்ரேசர் 1927இல் எழுதினார். அதே ஆண்டு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஃபிப்ஸும் டெய்லரும் ஹைட்ரஜன் அணுக்கற்றையை அனுப்பிப் பார்த்தார்கள். ஹைட்ரஜனில் ஒரே எலெக்ட்ரான், சுற்றுப்பாதைக் கோண உந்தம் பூஜ்யம் என்பதில் சந்தேகமே இல்லை. அதுவும் இரண்டாகத்தான் பிரிந்தது.

லோரென்ட்ஸின் ஆட்சேபம் என்னவாயிற்று? அது இன்றும் செல்லும். எலெக்ட்ரானைச் சுழலும் சிறு உருண்டையாக நினைத்தால் கணக்கு உதைக்கத்தான் செய்யும். ஆகவே அப்படி நினைக்கக்கூடாது. ஸ்பின் எலெக்ட்ரானின் நிறையையும் மின்னூட்டத்தையும் போல அதோடு பிறந்தது. கூட்டவும் குறைக்கவும் முடியாது. ஆனால் அது நிஜமான கோண உந்தம். திசை மட்டும்தான் மாறும். அந்தத் திசையும் நமக்குப் பழக்கமான திசை மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதைக் காட்ட, ஸ்டெர்ன்-கெர்லாக் காந்தங்களை வரிசையாக வைத்துப் பார்ப்பது வகுப்பறை வழக்கம். 1922 கருவியில் இந்த வரிசை இல்லை. காந்தம் ஒன்றே ஒன்றுதான்.

முதல் காந்தம் மேல்-கீழ் திசையில் பிரிக்கிறது. கீழே போகும் கற்றையை அடைத்துவிட்டு, மேலே போகும் அணுக்களை மட்டும் அதேபோன்ற இரண்டாவது காந்தத்துக்குள் விடுவோம். எல்லாமே மேலேதான் போகும். இதில் வியப்பில்லை, வடிகட்டிய மாவைத் திரும்ப அதே சல்லடையில் போடுவதுபோலத்தான் என்று தோன்றும். இப்போது இரண்டாவது காந்தத்தை எடுத்துவிட்டு, இடம்-வலம் திசையில் பிரிக்கும் ஒன்றை வைப்போம். சரிபாதி இடப்பக்கம், சரிபாதி வலப்பக்கம். இடப்பக்கத்தை அடைத்து, வலப்பக்க அணுக்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். இவை முதல் காந்தத்தில் ‘மேல்’ என்று தேறியவை, இரண்டாவதில் ‘வலம்’ என்று தேறியவை. மூன்றாவதாக மறுபடி ஒரு மேல்-கீழ் காந்தம். ‘மேல்’ என்று முன்பே தேறியவை என்பதால் எல்லாம் மேலே போகவேண்டும். போவதில்லை. சரிபாதி மேலே, சரிபாதி கீழே. நாம் அடைத்து ஒழித்த ‘கீழ்’ திரும்ப வந்து நிற்கிறது. சல்லடைக் கணக்கு இங்கே செத்தது.

‘வலம்’ என்று அளந்தபோதே ‘மேல்’ என்ற தகவல் அழிந்துபோனது. மேல்-கீழுக்கும் இடம்-வலத்துக்கும் ஒரே நேரத்தில் விடை வைத்துக்கொண்டு எந்த அணுவும் பறப்பதில்லை. காந்தத்தை நேர்க்குறுக்காக வைக்காமல் இடைப்பட்ட கோணத்தில் சாய்த்தால் பங்கு மாறும்: 60 டிகிரி சாய்த்தால் நூற்றில் 75 அந்தத் திசையில் ‘மேல்’, 25 ‘கீழ்’. ஆனால் எந்தக் கோணத்தில் வைத்தாலும் ஒவ்வோர் அணுவும் முழு மேல் அல்லது முழு கீழ். முக்கால் விலகல் என்று ஒன்று கிடையாது. ஐன்ஸ்டைனும் ஏரென்ஃபெஸ்டும் கேட்ட கேள்விக்கான பதிலின் ஒரு பாதி இது. அணு காந்தத்துக்குள் வந்து தன்னைத் திருப்பிக்கொள்ளவில்லை. காந்தத்தைக் கடக்கும்போது ஒவ்வோர் அணுவின் நிலையும் மேல்பாதை, கீழ்ப்பாதை இரண்டும் கலந்த ஒன்றாகவே நீடிக்கிறது. தகட்டில் ஒட்டும்போது ஒன்றுதான் தெரிகிறது. அந்த ‘ஒன்றுதான்’ எப்படி நிகழ்கிறது என்பது பதிலின் மறுபாதி. குவாண்டம் அளவீடு பற்றிய அந்தச் சர்ச்சை நூறாண்டு கடந்தும் ஓயவில்லை.

ஸ்டெர்ன் 1923இல் ஹாம்புர்க் போய், அணுக்கற்றைக்கென்றே ஒரு ஆய்வகம் அமைத்தார். அங்கே அவர் எடுத்த பெரிய வேலை புரோட்டானின் காந்தம். எலெக்ட்ரானுடையதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு மெலிந்தது அது. அணுக்கருக்களின் காந்தத்தை அளக்கும் அலகான அணுக்கரு மேக்னட்டானில் அது ஒன்று இருக்கும் என்பது கோட்பாட்டாளர்களின் உறுதியான எதிர்பார்ப்பு. தெரிந்த விடையை அளக்க எதற்கு இவ்வளவு பாடு என்று பவுலி உள்பட பலர் கேட்டார்கள். ஸ்டெர்னும் அவருடைய உதவியாளர்கள் ஃபிரிஷும் எஸ்டர்மனும் 1933இல் அளந்தபோது வந்தது இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில். புரோட்டான் எலெக்ட்ரானைப் போன்ற எளிய துகள் இல்லை என்பதற்கு முதல் தடயம் அது. அதே ஆண்டு நாஜி அரசு யூதர்களை அரசுப் பணியிலிருந்து நீக்கத் தொடங்கியது. உதவியாளர்கள் நீக்கப்பட்டதும் ஸ்டெர்னும் பதவியை உதறிவிட்டு அமெரிக்காவுக்குப் போனார், பிட்ஸ்பர்கில் கார்னகி தொழில்நுட்பக் கழகத்துக்கு. கெர்லாக் ஜெர்மனியிலேயே இருந்தார். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் அணுக்கரு ஆராய்ச்சிக்குப் பொறுப்பாளராக இருந்து, 1945இல் இங்கிலாந்தின் ஃபார்ம் ஹால் மாளிகையில் நேச நாடுகளால் சிறைவைக்கப்பட்டார். ஸ்டெர்னுக்கு 1943ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது, மூலக்கூறுக் கற்றை முறைக்காகவும் புரோட்டானின் காந்தத்துக்காகவும். பரிசுக்கான காரணத்தில் 1922 பிளவு பெயர் சொல்லிக் குறிப்பிடப்படவில்லை. கெர்லாக்குக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை.

ஹாம்புர்க்கில் 1920களின் இறுதியில் சிலகாலம் தங்கிப்போன இசிடர் ரபி நியூயார்க்கில் இந்த முறையைத் தலைகீழாகத் திருப்பினார். இரண்டு எதிரெதிர்க் காந்தங்கள்: முதலாவது கற்றையை வளைக்கும், இரண்டாவது அதைத் திரும்ப நேராக்கி உணர்கருவிக்குக் கொண்டுவரும். இடையில் ரேடியோ அலை. அலையின் அதிர்வெண் சரியாகப் பொருந்தினால் ஸ்பின் புரண்டுவிடும். புரண்ட அணுவை இரண்டாவது காந்தம் தப்பான பக்கம் வளைக்க, உணர்கருவியில் எண்ணிக்கை சரியும். அந்தச் சரிவு எந்த அதிர்வெண்ணில் வருகிறது என்று பார்த்தால் போதும், மில்லிமீட்டரில் பங்கு பார்க்கத் தேவையில்லை. 1938இல் இது வெளியானது. அதன் வழித்தோன்றல்தான் ஊருக்கு ஊர் ஸ்கேன் சென்டர்களில் இருக்கும் எம்ஆர்ஐ. கற்றையை விட்டுவிட்டு, உடம்பிலுள்ள தண்ணீரின் புரோட்டான்களையே புரட்டுகிறார்கள். ரபியின் மாணவர் நார்மன் ராம்சே ரேடியோ அலையை இரண்டு இடங்களில் பிரித்துக் கொடுக்கும் முறையைச் சேர்த்தார். 1955இல் இங்கிலாந்தில் எஸ்ஸனும் பாரியும் சீசியம் அணுக்கற்றைக் கடிகாரத்தை ஓட்டினார்கள். 1967 முதல் ஒரு நொடி என்பது சீசியம் அணுவின் 9,192,631,770 அதிர்வுகளின் நேரம். அந்தக் கடிகாரங்களின் இரு முனைகளிலும் அணுக்களைப் பிரித்தெடுத்தவை ஸ்டெர்ன்-கெர்லாக் வகைக் காந்தங்களே. பின்னர் வந்த நீரூற்றுவகைக் கடிகாரங்களில் அந்த வேலையை லேசர்களும் மைக்ரோ அலைகளும் எடுத்துக்கொண்டன.

புரோட்டானின் காந்தம் இன்று 2.79 அணுக்கரு மேக்னட்டான் என்று பல தசம இடங்களுக்குத் தெரியும். ஆனால் அதன் அரை அலகு ஸ்பின் எங்கிருந்து வருகிறது என்பது வேறு விஷயம். புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளின் ஸ்பினைக் கூட்டினால் தீர்ந்தது என்றுதான் இருந்தார்கள். 1987இல் செர்ன் ஆய்வகத்தில் மியூவான் துகள்களின் கற்றையை வைத்து அளந்தபோது குவார்க்குகளின் பங்கு மிகச் சிறியதாக வந்தது. பிந்தைய அளவீடுகள் அதை ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு உயர்த்தின. மீதியை, குவார்க்குகளை ஒட்டிவைக்கும் குளுவான்களும் உள்ளே நடக்கும் சுற்றோட்டமும் எப்படிப் பங்குபோட்டுக்கொள்கின்றன என்று பிரித்துப் பார்க்க, அமெரிக்காவில் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் எலெக்ட்ரான்-அயனி மோதல் இயந்திரம் ஒன்றைக் கட்டத் திட்டமிட்டு வேலை நடக்கிறது. அதில் மோதவிடப்போகும் எலெக்ட்ரான், புரோட்டான் இரண்டின் ஸ்பினும் முன்கூட்டியே ஒரு திசையில் அணிவகுக்கப்பட்டிருக்கும்.